ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள்: டிரமடாலின் பக்கவிளைவுகளும் ஆபத்துகளும்

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளோ, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட பிறகோ, வாரக்கணக்கில் தொடரும் முதுகுவலியோடு மருத்துவரைப் பார்க்கப் போகும்போதோ, பாராசிட்டமாலும் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் போதவில்லை என்று தெரிந்தால், அடுத்த படியாக மருந்துச்சீட்டில் பல நேரங்களில் எழுதப்படும் பெயர் டிரமடால். நோயாளி தயங்கினால், ‘இது மார்ஃபின் போலக் கடுமையான மருந்து இல்லை, மிதமானதுதான்’ என்ற ஆறுதலும் கூடவே கிடைக்கும். அந்த ஆறுதலில் இருப்பது பாதி உண்மை. வலியைக் குறைக்கும் ஆற்றலில் டிரமடால் மார்ஃபினைவிட மிதமானது என்பது சரி. அதனால் அதன் ஆபத்துகளும் அதே அளவுக்கு மிதமானவையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவதில்தான் தவறு நேர்கிறது. டிரமடாலின் சில ஆபத்துகள் மார்ஃபினுக்கும் இதற்கும் பொதுவானவை. வேறு சில, மார்ஃபினிடம் நாம் சாதாரணமாக எதிர்பார்க்காதவை.

ஓபியாய்டு என்ற சொல்லை முதலில் பார்த்துவிடலாம். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. அந்த அபினிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்த பொருளே மார்ஃபின். மார்ஃபின், கோடீன் போல அபினில் இயற்கையாகவே இருப்பவை, அவற்றைச் சற்றே மாற்றியமைத்துச் செய்தவை, ஆய்வகத்தில் முழுக்கச் செயற்கையாக உருவாக்கப்பட்டு அதே வேலையைச் செய்பவை ஆகிய அனைத்துக்கும் ஓபியாய்டு என்பது பொதுப்பெயர். டிரமடால் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. 1962-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு, 1977-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டின் வடபகுதியில் வளரும் ஒரு மரத்தின் வேரில் டிரமடால் இயற்கையாகவே இருப்பதாக 2013-இல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. அங்குள்ள உழவர்கள் தங்கள் கால்நடைகளுக்கு டிரமடாலைக் கொடுத்து வந்ததும், அவற்றின் கழிவின் வழியாக அது மண்ணிலும் நீரிலும் கலந்து வேருக்குள் ஏறியிருந்ததும் அடுத்த ஆண்டே வேறொரு குழுவின் ஆய்வில் தெரியவந்தது. மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் பெருமைக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஆனால் மருந்துச்சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்பதை ஒரு மரத்தின் வேர் காட்டிக்கொடுத்துவிட்டது.

இனி, இந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலின் சுவரிலும் ‘மியூ’ எனப்படும் ஏற்பிகள் இருக்கின்றன. உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற வலியடக்கிகள் வந்து அமர்வதற்காக இயற்கை அமைத்த இடங்கள் அவை. மார்ஃபின் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, வலிச் செய்தி மேலே செல்வதைத் தடுக்கிறது. டிரமடாலும் இதைச் செய்கிறது, ஆனால் பலவீனமாக. அதன் வலிமை வேறொரு வழியிலும் வருகிறது. நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் செரடோனின், நார்அட்ரினலின் என்ற இரு வேதிப்பொருள்களை, வேலை முடிந்ததும் நரம்பணு மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்வது வழக்கம். டிரமடால் அந்த இழுப்பைத் தடுப்பதால் அவை வெளியே கூடுதல் நேரம் தங்கி, தண்டுவடத்தில் வலியை அமுக்கும் பாதையைத் தூண்டுகின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் பல மாத்திரைகள் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே. ஆகவே டிரமடாலை விழுங்கும் ஒருவர் ஓர் ஓபியாய்டையும், மனச்சோர்வு மருந்தைப் போன்ற இன்னொன்றையும் ஒரே நேரத்தில் விழுங்குகிறார். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், இதற்குப் பிறகு வரும் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை எங்கிருந்து வருகின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

இன்னொரு சிக்கல் கல்லீரலில் இருக்கிறது. டிரமடாலின் ஓபியாய்டு வேலையில் பெரும்பகுதியைச் செய்வது டிரமடால் நேரடியாக அல்ல; கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மாற்றிப் பிறப்பிக்கும் எம்1 என்ற பொருளே. மியூ ஏற்பியைப் பற்றிக்கொள்வதில் இந்த எம்1, டிரமடாலைவிடச் சுமார் 200 மடங்கு வலிமையானது என்று விலங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டின. அந்த நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்பதை நம் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. சிலருக்கு அது அநேகமாக வேலையே செய்யாது. அவர்களுக்கு வலி சரியாக அடங்காது, ஆனால் செரடோனின் பக்கத்துத் தொல்லைகள் மட்டும் குறையாமல் வரும். வேறு சிலருக்கு அது மிக வேகமாக வேலை செய்து, சாதாரண அளவு மாத்திரையிலிருந்தே எதிர்பாராத அளவுக்கு எம்1-ஐக் கொட்டிவிடும். அவர்களுக்கு மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து அதிகம். எத்தியோப்பியா, வட ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் ஆகிய பகுதிகளின் மக்களிடையே இப்படிப்பட்ட அதிவேக நொதி உடையவர்கள் மற்ற பல இடங்களைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள். தன் நொதி எந்த வகை என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரே அட்டையிலிருந்து எடுத்த ஒரே 50 மில்லிகிராம் மாத்திரை, இருவர் உடலில் இரு வேறு மருந்துகளாக நடந்துகொள்ளக்கூடும் என்பதே இதன் பொருள்.

முதல் சில நாட்களில் வரும் தொல்லைகளில் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், வியர்வை, தலைவலி ஆகியவை பரவலானவை. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் உடல் பழகியதும் தணியும். மலச்சிக்கல் அப்படித் தணியாது. குடலில் உள்ள மியூ ஏற்பிகள் தூண்டப்படும்போது குடலின் அசைவு குறைகிறது. மலத்தில் உள்ள நீர் அதிகமாக உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. இந்த விளைவுக்கு உடல் பழகிக்கொள்வதே இல்லை என்று சொல்லலாம். சில நாட்களுக்கு மேல் இதை எடுக்க வேண்டியிருந்தால், மலமிளக்கியும் தேவையா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. இதைச் சிறிய தொல்லை என்று எண்ணிப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. பிறகு மலச்சிக்கல் பொறுக்க முடியாமல் மருந்தைத் திடீரென்று நிறுத்துகிறார்கள், அது வேறொரு துன்பத்தில் கொண்டுபோய் விடுகிறது. தலைசுற்றலும் முதியவர்களைப் பொறுத்தவரை சிறியதல்ல. இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, மருந்து கொடுக்கப்பட்ட வலியைவிடப் பெரிய கேடாக முடியலாம். மருந்து தன்னிடம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டுவதையும் இயந்திரங்களை இயக்குவதையும் தவிர்க்க வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

டிரமடாலை மற்ற வலிமருந்துகளிலிருந்து பிரித்துக் காட்டும் ஆபத்து வலிப்பு. மூளையில் வலிப்பு தோன்றுவதற்கான தடுப்பெல்லையை இந்த மருந்து தாழ்த்திவிடுகிறது. அளவு கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்றாலும், பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குள் எடுத்தவர்களுக்கும் வலிப்பு வந்திருக்கிறது. முன்பே வலிப்பு நோய் உள்ளவர்கள், தலையில் காயம் பட்டவர்கள், நெடுநாள் மதுப் பழக்கத்தை அண்மையில் நிறுத்தியவர்கள், மனச்சோர்வுக்கோ மனநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ‘வலி தாங்கவில்லை, இன்னும் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன’ என்ற எண்ணம் மற்ற மாத்திரைகளில் வயிற்றெரிச்சலோடு முடிந்துபோகலாம். இந்த மாத்திரையில் அப்படி முடியும் என்ற உறுதி இல்லை.

அடுத்தது, செரடோனின் அளவு மீறிச் சேர்வதால் வரும் நிலை. டிரமடால் ஒரு பக்கம் செரடோனினைத் தேக்கி வைக்கும்போது, அதையே செய்யும் இன்னொரு மருந்தும் சேர்ந்தால் உடல் தாங்காது. அமைதியின்மை, குழப்பம், மிகையான வியர்வை, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கைகால் நடுக்கம், தசைகள் விறைத்துத் துடித்தல், வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் உயிரையும் பறிக்கும். ஃபுளுவாக்செடின், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள், ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான் வகை, லினிசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, சாதாரண வறட்டு இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பான்கள் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்களும், அவற்றை நிறுத்தி 14 நாட்கள் ஆகாதவர்களும் டிரமடாலைத் தொடவே கூடாது. ஃபுளுவாக்செடினிலும் பாராக்செடினிலும் கூடுதலாக ஒரு கோணல் இருக்கிறது: அவை செரடோனினைக் கூட்டுவதோடு நிற்காமல், முன்பு சொன்ன சிஒய்பி2டி6 நொதியையும் முடக்குகின்றன. எனவே வலி அடங்குவது குறைகிறது, ஆபத்து கூடுகிறது. வலி அடங்கவில்லையே என்று நோயாளி அளவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வலிக்கு ஒரு மருத்துவரிடமும் மனச்சோர்வுக்கு வேறொரு மருத்துவரிடமும் போகிறவர்களுக்கு இது எளிதில் நேரக்கூடியது. மனச்சோர்வு மருந்து எடுப்பதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவது நம்மிடையே புதிதல்ல. ஆனால் டிரமடாலை எழுதித் தரும் மருத்துவரிடம் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

அதிகம் பேசப்படாத இரண்டு விளைவுகளையும் சொல்லிவிட வேண்டும். டிரமடால் சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரையின் அளவைத் திடீரென்று தாழ்த்தும். நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்றாலும், நீரிழிவு இல்லாதவர்களுக்கும் இது வந்ததுண்டு. அதேபோல் இரத்தத்தில் சோடியத்தின் அளவும் குறையலாம். முதியவர் ஒருவர் மருந்து தொடங்கிய சில நாட்களில் குழப்பமாகப் பேசத் தொடங்கினால், அதை வயதின் மீது போட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

எல்லா ஓபியாய்டுகளுக்கும் பொதுவான பெரிய ஆபத்து மூச்சு அடங்கிப்போவது. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியிலும் மியூ ஏற்பிகள் இருக்கின்றன. அவை மிகையாகத் தூண்டப்பட்டால், இரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்தாலும் ‘மூச்சு விடு’ என்ற உந்துதல் எழுவதில்லை. டிரமடாலைத் தனியாக, சரியான அளவில் எடுக்கும் பெரும்பாலோருக்கு இந்த ஆபத்து குறைவுதான். மது, அல்பிரசோலாம் அல்லது டயசிபாம் போன்ற பென்சோடையசிபின் வகை மாத்திரைகள், நரம்பு வலிக்கான பிரிகாபாலின், காபாபென்டின் ஆகியவற்றில் ஒன்று கூடச் சேரும்போது கணக்கு மாறிவிடுகிறது. தனித்தனியே ஒவ்வொன்றும் தூக்கத்தைத்தான் வரவழைக்கும். சேர்ந்தால் அந்தத் தூக்கத்தில் மூச்சே நின்றுவிடலாம். ஓபியாய்டையும் பென்சோடையசிபினையும் சேர்த்து எடுப்பது பற்றி, மருந்தின் தகவல் ஏட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் ஆணையிட்டது. உறங்கும்போது மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்களுக்கும் நுரையீரல் நோய் முற்றியவர்களுக்கும், வேறு எதுவும் சேராமலேயே ஆபத்து கூடுதல்.

குழந்தைகளிடம் இது வேறு வடிவம் எடுக்கிறது. அதே அமெரிக்க அமைப்பு 2017-இல், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிரமடாலைக் கொடுக்கக் கூடாது என்றும், டான்சில் அல்லது அடினாய்டு அகற்றும் அறுவைக்குப் பிறகு 18 வயது நிறையாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அறிவித்தது. அதிவேக நொதி உள்ள குழந்தைக்கு எம்1 அளவு மீறிச் சேர்ந்து மூச்சு அடங்கியதே இதற்குக் காரணம். டிரமடாலும் எம்1-உம் தாய்ப்பாலில் கலப்பதால், பாலூட்டும் காலத்தில் இதை எடுக்க வேண்டாம் என்றும் அப்போது அறிவுறுத்தப்பட்டது. கர்ப்ப காலத்தில் நீண்ட நாட்கள் எடுத்தால், பிறந்த குழந்தைக்கு மருந்து திடீரென்று நின்றுபோனதன் அறிகுறிகள் தோன்றலாம்.

பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்கிறோம். முன்பு ஒரு மாத்திரையில் அடங்கிய வலிக்கு இப்போது இரண்டு தேவைப்படுவது, உடல் மருந்துக்குப் பழகிப்போனதன் விளைவு. மருந்தை நிறுத்தினால் உடல் நோவது, உடல் அதைச் சார்ந்துவிட்டதன் அடையாளம். இவை இரண்டும் மருத்துவர் சொன்னபடியே எடுத்த எவருக்கும் சில வாரங்களில் வரலாம். அதில் நோயாளியின் ஒழுக்கக் குறை எதுவும் இல்லை. அடிமையாவது என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது: வலி போன பிறகும் மருந்தைத் தேடுவது, கேடு வருகிறது என்று தெரிந்தும் விட முடியாமல் தவிப்பது, மனம் முழுவதும் அடுத்த மாத்திரையைச் சுற்றியே இருப்பது. டிரமடாலில் அடிமையாகும் ஆபத்து மிகக் குறைவு என்ற நம்பிக்கையில் பல நாடுகள் அதை நீண்ட காலம் கட்டுப்பாடின்றி விட்டிருந்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது 2014-இல்தான். முதல் விற்பனைக்கும் அதற்கும் இடையில் 37 ஆண்டுகள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு டிரமடால் மட்டும் கொடுக்கப்பட்டவர்கள், மற்ற குறுகிய நேர ஓபியாய்டுகளைப் பெற்றவர்களுக்கு ஈடாகவோ சற்று அதிகமாகவோ நெடுநாள் பயன்பாட்டில் சிக்கியதாக 2019-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ‘மிதமானது’ என்ற பெயர் மருத்துவர்களையும் அசட்டையாக இருக்க வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

டிரமடாலைத் திடீரென்று நிறுத்தும்போதும், ஓபியாய்டாகவும் மனச்சோர்வு மருந்தைப் போலவும் வேலை செய்யும் அந்த இரட்டைத்தன்மை வெளிப்படுகிறது. வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவை எந்த ஓபியாய்டை நிறுத்தினாலும் வருபவை. டிரமடாலை நிறுத்தும் சிலருக்கு இவற்றோடு கடும் பதற்றம், பீதி, இல்லாதது தெரிவதும் கேட்பதும், கைகால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவையும் சேர்கின்றன. இவை செரடோனின், நார்அட்ரினலின் பக்கத்திலிருந்து வருபவையாகக் கருதப்படுகின்றன. சில நாட்களுக்கு மேல் எடுத்தவர், மருத்துவர் வகுத்துக் கொடுக்கும் திட்டப்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகு மீண்டும் தேவைப்பட்டால், பழைய அளவிலிருந்து தொடங்கக் கூடாது. உடல் அந்தப் பழக்கத்தை இதற்குள் இழந்திருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு பொதுவாக 400 மில்லிகிராம். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300. சிறுநீரகமோ கல்லீரலோ நலிந்தவர்களுக்கு அளவும் குறையும், வேளைகளுக்கு இடைப்பட்ட நேரமும் கூடும். இவை எல்லைகளே, இலக்குகள் அல்ல. உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மருந்தை மெல்ல மெல்ல வெளியிடும் நீடித்த வகை மாத்திரைகளை உடைத்தோ பொடித்தோ மென்றோ எடுத்தால், நாள் முழுவதற்குமான அளவு ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கிவிடும். பாராசிட்டமாலோடு சேர்ந்து வரும் டிரமடால் மாத்திரைகளும் உண்டு. வழக்கமான கலவை 37.5 மில்லிகிராம் டிரமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும். இதை எடுப்பவர் காய்ச்சலுக்கென்று தனியாகவும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டால், அளவு மீறி முதலில் அடிவாங்குவது கல்லீரல். பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் கலவை விவரத்தைப் படிக்கும் பழக்கம் இங்கே உயிர் காக்கும்.

அளவு மீறியதை எப்படி அறிவது? கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருப்பது, உதடும் நகமும் நீலம் பாரிப்பது, மூச்சு மிக மெதுவாக அல்லது தொண்டையில் களகளவென்ற ஒலியோடு வருவது, உலுக்கி எழுப்பியும் எழாதது ஆகியவை ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டிய அறிகுறிகள். காத்திருக்கும் நேரத்தில், மூச்சு இருந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அவரைத் தனியே விட்டு அகலக் கூடாது. தூங்கட்டும் என்று விட்டுவிடுவது பெரும் பிழை. ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து கிடைத்தால் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஆனால் மியூ ஏற்பியில் நடப்பதை மட்டுமே அது முறிக்கும். டிரமடாலின் மறுபாதியை அது தொடுவதில்லை, வலிப்பையும் தடுக்காது. அதன் வேலையும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகையால் கண் விழித்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது கட்டாயம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரையைத் தொடவே அஞ்சுபவர்களும் இருப்பார்கள். அடங்காத வலியும் கேடுதான்; அறுவைக்குப் பிறகு வலியால் ஆழ்ந்து மூச்சு விடவும் இருமவும் முடியாதவருக்கு நுரையீரலில் சளி தேங்கித் தொற்று வருவதுண்டு. புற்றுநோய் வலியில் தவிப்பவரிடம் அடிமையாகிவிடுவாய் என்று பயமுறுத்தி மருந்தை மறுப்பது இரக்கமற்ற செயல். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன: எத்தனை நாளுக்கு, வலி குறைந்தால் எப்படி நிறுத்துவது, நான் இப்போது எடுக்கும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா, இதைவிட எளிய வலிமருந்து போதாதா. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. பல நேரங்களில் விடை ‘போதும்’ என்றே இருக்கும்.

வலி தீர்ந்த பிறகு அட்டையில் மீந்திருக்கும் மாத்திரைகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன. பிறகு ஒரு நாள் வீட்டில் இன்னொருவருக்குப் பல்வலி வரும்போது, ‘எனக்கு நன்றாகக் கேட்டது’ என்று அவற்றை எடுத்து நீட்டுகிறோம். அவருடைய கல்லீரல் நொதி எத்தகையது, அவர் இரவில் என்ன மாத்திரை எடுக்கிறார், சிறு வயதில் அவருக்கு வலிப்பு வந்ததுண்டா என்பவை எதுவும் நமக்குத் தெரியாது. மீந்தவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்தகம் இருந்தால் அங்கே ஒப்படைத்துவிடலாம். இல்லையென்றால் மண்ணோடோ பயன்படுத்திய காப்பித் தூளோடோ கலந்து, உறையில் போட்டு மூடிக் குப்பையில் சேர்த்துவிடலாம். அதுவரை அவை குழந்தையின் கைக்கு எட்டாத, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.